விளம்பரம் சொல்லும் வயது: சேலம், நாமக்கல் வீடுகளின் பழைய கைக்கடிகாரங்கள்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பழைய வீட்டுப் பீரோக்களைத் திறந்தால் நின்றுபோன கைக்கடிகாரம் ஒன்றாவது கிடைக்கும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு சேர்த்துப் போட்டதாக இருக்கலாம். ரயில்வேயிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்தவருக்கு ஓய்வுபெற்ற அன்று கொடுத்ததாக இருக்கலாம். ‘தாத்தா காலத்து வாட்ச்’ என்பதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. எந்த ஆண்டு செய்தது, என்ன விலைக்கு விற்றது, இப்போது அதிலுள்ள டயலும் முள்ளும் அதனுடையவைதாமா என்ற கேள்விகளுக்குப் பதில் தேடும்போது, நாம் பெரிதாக மதிக்காத ஓர் ஆவணம் உதவிக்கு வருகிறது. அது பழைய இதழ்களில் வந்த விளம்பரம்.

ஒமேகா போன்ற பெரிய சுவிஸ் நிறுவனங்களின் எந்திரத்தில் உள்ள வரிசை எண்ணை ஆண்டோடு பொருத்திப் பார்க்கப் பட்டியல்கள் புழக்கத்தில் உள்ளன. நம் வீடுகளில் அதிகம் கிடைக்கும் எச்.எம்.டி. கடிகாரங்களுக்கும், தபாலில் வரவழைத்த மலிவான சுவிஸ் கடிகாரங்களுக்கும் அப்படிக் கைக்கெட்டும் பட்டியல் இல்லை. அவற்றுக்கு வயது சொல்ல, அவை விற்ற காலத்துத் தாள்களைத்தான் நாட வேண்டும். தமிழ் விளம்பரங்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தேதி கிழிந்துபோன துண்டுத் தாளாக இருந்தாலும், அதில் அச்சான விலை, முகவரி, எழுத்தின் வடிவம் ஆகியவையே அதன் காலத்தைச் சொல்லிவிடும். அந்தச் சாட்சியத்தை எப்படிப் படிப்பது என்பதையே இக்கட்டுரை பேசுகிறது.

முதல் விதி

விளம்பரத்தைப் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1965ஆம் ஆண்டு இதழில் ஒரு மாடலின் விளம்பரம் கிடைத்தால், அந்த மாடல் அந்தத் தேதிக்குள் சந்தைக்கு வந்துவிட்டது என்பது மட்டுமே உறுதி. உங்கள் கையில் இருப்பது அதே ஆண்டில் செய்தது என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. எச்.எம்.டி.யின் ‘ஜனதா’ இதற்கு நல்ல சான்று. 1960களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அது உற்பத்தியில் இருந்தது. விளம்பரம் தொடக்க எல்லையைத்தான் காட்டும். முடிவு எல்லையைக் கடிகாரத்துக்குள்ளும் குடும்பத்தின் மற்ற ஆதாரங்களிலும் தேட வேண்டும்.

படங்களை நம்புவதிலும் கவனம் தேவை. அச்சுக்கோத்து அச்சடித்த காலத்தில், கம்பெனி அனுப்பிய உலோக பிளாக்கை உள்ளூர்க் கடைக்காரர்கள் பத்திரமாக வைத்திருந்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவதுண்டு. படம் பழையதாகவும் விலை புதியதாகவும் ஒரே விளம்பரத்தில் இருக்கக்கூடும். அப்போது விலையைத்தான் நம்ப வேண்டும். பிளாக்கை மாற்றச் செலவாகும். விலையை மாற்ற நான்கு எழுத்துக்களைக் கோத்தால் போதும்.

தேதியில்லாத தாளுக்குத் தேதி

முதலில் விலையைப் பாருங்கள். ‘ரூ. 45-8-0’ என்று ரூபாய், அணா, பை கணக்கில் இருந்தால் அது பதின்மக் காசு முறை வருவதற்கு முந்தைய வழக்கம். இந்தியாவில் அந்த முறை 1957 ஏப்ரல் 1 அன்று நடப்புக்கு வந்தது. மக்கள் பழகும்வரை இரண்டு கணக்கும் சிறிது காலம் அருகருகே ஓடின. ‘ந.பை.’ என்று இருந்தால் அது நயா பைசா. 1964 ஜூன் மாதத்தில் ‘நயா’ என்ற அடைமொழி கைவிடப்பட்டது. ஆகவே ‘ந.பை.’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கம், அந்த விளம்பரத்தை ஏறக்குறைய ஏழாண்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

விலைக்குக் கீழே ‘விற்பனை வரி தனி’ என்று இருந்தால் அதுவும் ஒரு தடயம். பொது விற்பனை வரியைச் சென்னை மாகாணத்தில் 1939இல் கொண்டுவந்தது, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜியின் அரசாங்கம். அந்தச் சொற்கள் உள்ள விளம்பரம் 1939க்கு முந்தையதாக இருக்க முடியாது.

அடுத்தது முகவரி. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘சேலம் 636 001’ என்றோ ‘நாமக்கல் 637 001’ என்றோ இருந்தால் விளம்பரம் அதற்குப் பிந்தையது. ‘சேலம்-1’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. ‘நாமக்கல், சேலம் ஜில்லா’ என்பது பழைய வழக்கம். ‘நாமக்கல் மாவட்டம்’ என்று அச்சிட 1997 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் அம்மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது. மாநிலத்தின் பெயர் ‘சென்னை ராஜ்யம்’ என்று இருந்தால், தமிழ்நாடு என்ற பெயர் அதிகாரப்பூர்வமாக நடப்புக்கு வந்த 1969 ஜனவரி 14க்கு முந்தைய தாள் அது.

மூன்றாவது சான்று எழுத்து. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த பழைய வடிவங்களும், துதிக்கை போல் வளைந்த கொம்போடு எழுதிய ணை, லை, ளை, னை வடிவங்களும் அதன்பின் மெல்ல மறைந்தன. பழைய வடிவம் இருப்பதால் மட்டும் 1978க்கு முந்தையது என்று முடிவுகட்ட முடியாது. அச்சகங்கள் புதிய எழுத்துக்களை வாங்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. புதிய வடிவம் இருந்தால் 1978க்குப் பிந்தையது என்று சொல்லலாம். அதற்கும் ஒரு பெரிய விலக்கு உண்டு. பக்கத்து ஈரோட்டில் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ 1935 முதலே அந்த எழுத்துக்களில் வெளிவந்தது. திராவிட இயக்க இதழ்களின் தாளை இந்த ஒரு சான்றை மட்டும் வைத்து எடைபோட்டால் நாற்பதாண்டுப் பிழை நேரும்.

நான்காவது, கம்பெனியின் பெயர். ‘ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் லிமிடெட்’ 1978இல் ‘எச்.எம்.டி. லிமிடெட்’ ஆயிற்று. ‘டைட்டன் வாட்சஸ்’ 1993இல் ‘டைட்டன் இண்டஸ்ட்ரீஸ்’ ஆகவும், 2013இல் ‘டைட்டன் கம்பெனி’ ஆகவும் மாறியது. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இந்தப் பெயர்களை யாரும் படிப்பதில்லை. காலம் கணிக்க விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டிய இடம் அதுவே.

பைண்டு செய்த தொடர்கதைகள்

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஓர் ஆவணக் காப்பகம் உண்டு. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்த தொகுப்புகளே அவை. கதைக்காகக் காத்த அந்தப் பக்கங்களின் ஓரத்திலும் பின்புறத்திலும் அந்த வாரத்து விளம்பரங்கள் அப்படியே தங்கியிருக்கின்றன. முழு இதழ்கள் எடைக்குப் போய்விட்ட பிறகும் இவை தப்பித்தன.

இவற்றில் இதழின் தேதி பெரும்பாலும் இருக்காது. ஆனால் கதையே தேதி சொல்லும். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 அக்டோபர் இறுதியிலிருந்து 1954 மே வரை முதன்முறையாகத் தொடராக வந்தது. அதன் ஓர் அத்தியாயத்தின் பின்பக்கம் இருக்கும் கடிகார விளம்பரம் அந்த மூன்றரை ஆண்டுக்குள் அடங்கும். எத்தனையாவது அத்தியாயம் என்று பார்த்தால் இடைவெளி மேலும் சுருங்கும். அதே கதை பின்னாளில் கல்கியில் மீண்டும் தொடராக வந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. முதல் முறை வந்தபோது ஓவியம் வரைந்தவர் மணியம். மணியத்தின் ஓவியமும் அணாக் கணக்கும் ஒரே தாளில் இருந்தால் ஐயமே வேண்டாம்.

உள்ளூர் நிலவரம் தெரிய வேண்டுமானால் விழா மலர்களே சிறந்தவை. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க வெள்ளிவிழா மலர், கட்சி மாநாட்டு மலர் என எல்லாவற்றிலும் பின்பகுதி முழுவதும் ஊர்க் கடைகளின் விளம்பரமாகவே இருக்கும். சென்னை இதழ்களில் இடம்பெற முடியாத கடைவீதி வாட்ச் கடைகள் எந்தக் கம்பெனியின் கடிகாரத்தை விற்றன, எங்கே இருந்தன என்பதற்கு வேறு சான்று கிடைப்பது அரிது. மலரின் அட்டையிலேயே விழா நாள் அச்சாகியிருப்பது கூடுதல் வசதி.

எந்தக் காலத்தில் எந்தக் கடிகாரம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கடிகாரம் என்றால் சுவிட்சர்லாந்து. சென்னையில் 1849 முதல் நடந்துவரும் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கடைகள் ஒரு பக்கம். மறுபக்கம், பம்பாய், கல்கத்தா முகவரியோடு வந்த தபால் வியாபார விளம்பரங்கள். வி.பி.பி. முறையில் தபால்காரரிடம் பணத்தைக் கட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பதால், பெரிய கடை இல்லாத சிற்றூருக்கும் கடிகாரம் வந்தது. அந்த விளம்பரங்களில் கம்பெனியின் பெயரைவிட ‘லீவர் மிஷின்’, ‘15 ஜூவல்’, ‘ரோல்டு கோல்டு’, ‘ரேடியம் டயல்’, ‘5 வருஷ காரண்டி’ என்ற சொற்களே பெரிய எழுத்தில் இருக்கும். பெயரில்லாத சுவிஸ் கடிகாரத்தை இனங்காண இந்த விவரங்களையும் கேஸின் வடிவத்தையும்தான் நம்ப வேண்டும்.

இந்தியச் சந்தைக்கென்றே புகழ்பெற்ற சுவிஸ் பெயர்கள் வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியும் ஃபாவ்ரே லூபாவும். வெஸ்ட் எண்டின் ‘சோவார்’ படைவீரர்களிடமும் ரயில்வே ஊழியர்களிடமும் பெயர் பெற்றது. பின்னர் அது ‘சோவார் பிரைமா’ என்ற பெயரில் வந்தது. டயலில் எந்தப் பெயர் என்பதே காலத்தைப் பிரிக்கும் ஒரு கோடு. ஃபாவ்ரே லூபாவின் ‘சீ சீஃப்’, ‘சீ கிங்’ இரண்டும் இந்திய வீடுகளில் நிறையக் கிடைப்பவை.

‘ரேடியம் டயல்’ பற்றி ஓர் எச்சரிக்கை. இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய அந்தப் பூச்சு இன்று ஒளிர்வதில்லை. ஒளிதரும் துத்தநாக சல்பைடு சிதைந்துவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுளோ சுமார் 1600 ஆண்டுகள். ஒளி போனாலும் கதிர்வீச்சு போகவில்லை. அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்கக் கூடாது. 1960களில் ரேடியத்தின் இடத்துக்கு டிரிட்டியம் வந்தது. டயலின் அடியில் சுவிஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் இருபுறமும் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது டிரிட்டியத்தின் அடையாளம்.

1956, 57 ஆண்டுகளின் அன்னியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. கடிகாரம் கள்ளக்கடத்தலின் முக்கியச் சரக்கானது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123ஆவது பிரிவு தங்கத்தோடு கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பறிமுதல் செய்த சரக்கு கடத்தலில் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை அது உடையவர் தலையில் வைத்தது. இந்தக் காலத்தில் கடத்தலாக வந்த கடிகாரத்துக்கு உள்ளூர் விளம்பரமும் இருக்காது, பில்லும் இருக்காது. விளம்பரம் கிடைக்காதது கடிகாரம் போலி என்பதற்குச் சான்றாகிவிடாது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் தொழிற்சாலை அமைந்தது. முதல் கடிகாரங்களை நேரு வெளியிட்டார். டயலில் சிட்டிசன் பெயரும் எச்.எம்.டி. முத்திரையும் சேர்ந்திருந்தால் அது தொடக்க காலத்தது. ஜனதா, பைலட், ஜவான், கோஹினூர், சோனா, காஞ்சன் என்று பெயர்கள் பெருகின. நாட்டுக்கே நேரம் காட்டுபவர்கள் என்ற பொருளில் அமைந்த அதன் விளம்பர வாசகம் ஒரு தலைமுறையின் நினைவில் நின்றது.

1981இல் எச்.எம்.டி. குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. ஆனால் குவார்ட்ஸை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது ஓசூரில் பிறந்த டைட்டன். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. ஓசூர் 1965 அக்டோபரில் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. கடிகாரத்தை வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த பழைய சேலம் மாவட்ட மண், இருபதாண்டில் இந்தியா முழுவதற்கும் கடிகாரம் அனுப்பத் தொடங்கியது. 2011இல் ஃபாவ்ரே லூபாவையே டைட்டன் விலைக்கு வாங்கியது. நம் தாத்தாக்கள் விளம்பரத்தில் பார்த்து ஏங்கிய சுவிஸ் பெயர் பன்னிரண்டு ஆண்டுகள் ஓசூர் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது.

கடல் கடந்து வந்தவை

சேலம், நாமக்கல், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கொண்டுவந்த கடிகாரங்களுக்கு இங்குள்ள இதழ்களில் விளம்பரம் தேடுவது வீண். 1935 முதல் வெளிவரும் சிங்கப்பூரின் ‘தமிழ் முரசு’, இலங்கையின் ‘வீரகேசரி’ ஆகியவற்றில்தான் தேட வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் காப்பகத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் உள்ளன. இலங்கைத் தமிழ் வெளியீடுகளை ‘நூலகம்’ என்ற மின்னூலகம் சேர்த்து வைத்திருக்கிறது.

விளம்பரம் எவ்வளவு உதவும் என்பதற்கு, அப்படிக் கடல் கடந்து வந்த சீகோ கடிகாரம் சரியான எடுத்துக்காட்டு. அதன் பின்மூடியில் உள்ள ஆறு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது, மாதம். 51 என்று தொடங்கினால் ஐந்தில் முடியும் ஓர் ஆண்டின் ஜனவரி. அது 1975ஆ, 1985ஆ என்று எண் சொல்லாது. அந்த மாடல் எந்தப் பத்தாண்டின் விளம்பரங்களில் வருகிறது என்று பார்த்தால் சிக்கல் தீர்ந்தது. அங்கே விளம்பரமும் எண்ணும் சேர்ந்து மாதம்வரை துல்லியமாகச் சொல்லிவிடுகின்றன.

போலியைப் பிடிக்கும் கருவி

எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடும் முடிவு வந்த 2014க்குப் பிறகு அதன் பழைய மாடல்களுக்குத் திடீரென்று கிராக்கி ஏறியது. மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. அந்தக் கிராக்கியோடு, கழற்றிச் சேர்த்த கடிகாரங்களும் புதிதாக அச்சடித்த டயல்களும் சந்தையில் குவிந்தன. ஒன்றின் எந்திரம், இன்னொன்றின் கேஸ், எங்கும் இல்லாத நிறத்தில் ஒரு டயல். பைலட் கறுப்பு டயலுக்குப் பேர்போனது. இன்று அது வானவில் நிறங்களில் எல்லாம் விற்கப்படுகிறது.

இங்கே விளம்பரம் நேரடியாக உதவும். எண்களின் வடிவம், பெயர் இருக்கும் இடம், நொடி முள் நடுவிலா, ஆறு மணிக்கு மேலுள்ள சிறு வட்டத்திலா என்பதை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைக் காட்டாது என்றாலும் அமைப்பைக் காட்டும். டயலின் நிமிடக் கோடுகள் எண்களோடு நேர்கோட்டில் இல்லாமல் விலகியிருந்தால், எழுத்து தடித்து மசிந்திருந்தால், அது மறுபடி அச்சடித்தது என்று சந்தேகிக்கலாம்.

சான்றுகள் சேரும் இடம்

இவையெல்லாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ராசிபுரத்தில் ஒரு வீட்டில் எச்.எம்.டி. ஜனதா ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயலில் சிட்டிசன் பெயர் இல்லை. ஆகவே தொடக்க காலத்தது அல்ல. அட்டை கிழிந்துபோன உள்ளூர்க் கோயில் மலர் ஒன்றில் அதே டயலோடு விளம்பரம் கிடைக்கிறது. விலை ரூபாயும் பைசாவுமாக இருக்கிறது, ‘ந’ இல்லை. முகவரியில் அஞ்சல் குறியீடு இல்லை. விளம்பரம் பெரும்பாலும் 1964க்கும் 1972க்கும் இடைப்பட்டது. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் பின்மூடியைத் திறக்கிறார். உள்ளே முந்தைய ரிப்பேர்காரர் ஊசியால் கீறிய ‘3/71’ என்ற குறிப்பு தெரிகிறது. கடிகாரம் 1971 மார்ச்சுக்கு முந்தையது என்று அதனால் உறுதியாகிறது. வீட்டுச் சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் இடது கையில் அதே வட்டக் கேஸ் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் தேதி 1968. இப்போது ‘1960களின் நடுவிலிருந்து 1968க்குள்’ என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். ஒரே ஆண்டைச் சொல்ல ஆசைப்படுவதைவிட, சான்றோடு நான்கைந்து ஆண்டு இடைவெளியைச் சொல்வதே ஆய்வு.

நாம் செய்ய வேண்டியவை

இந்த ஆதாரங்கள் கண்ணெதிரே அழிகின்றன. நூலகங்களில் இதழ்களைப் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கழித்துவிடும் வழக்கம் உண்டு. கடிகார விளம்பரங்கள் அதிகம் இருப்பது அந்த அட்டைகளின் உட்புறத்தில்தான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவை பெரும் பணி செய்திருக்கின்றன. ஆனால் சேலம், நாமக்கல் ஊர்களின் விழா மலர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கிடக்கின்றன. எந்த நிறுவனமும் வீடு வீடாக வந்து அவற்றைச் சேகரிக்கப் போவதில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மலரையோ பைண்டு புத்தகத்தையோ எடைக்குப் போடும் முன் விளம்பரப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். விளம்பரத்தோடு இதழின் அட்டை, தேதி, பக்க எண் மூன்றும் படத்தில் இருக்கட்டும். தேதியில்லாத படத்தால் பயன் பாதிதான். வீட்டில் பழைய கடிகாரம் இருந்தால் டயலை மெருகேற்றவோ மாற்றவோ கொடுக்காதீர்கள். பின்மூடியை நல்ல வாட்ச் ரிப்பேர்காரரிடம் திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருந்தவர் இன்று உயிரோடு இருந்தால், எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.